சிவகுமாரின் சிபாரிசு

எழுதலாம் என்று ரூபேஷ் உட்கார்ந்தபோது அது ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

விளக்கு வைக்கிற நேரம். ஊரிகத்தில், பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றின் உள்ளறையில், ட்ரங்குப் பெட்டியின் மேல் லேப்டாப்பை வைத்து, சம்மணம் போட்டு அமர்ந்து, அவன் அந்த வேலைத் தளத்தில் சிவகுமாரின் பக்கத்தைத் திறந்திருந்தான். வெளியே, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று கிளம்பி, சாம்பல் நிறப் பொடியை வழக்கம்போலத் தகரக் கூரை மேல் தூவிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் வருகிற துரு வாசனையும், முன்னறையில் ராதிகா தாளித்த கடுகின் புகையும் ஒன்றாகக் கலந்து வந்தன. 'சிபாரிசு' என்று போட்டிருந்த கட்டத்தில் அவன் இன்னும் ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. ஆனால் அங்கே ஒரு பத்தி ஆங்கிலம் இருந்தது.

'ரூபேஷ் என்னோடு வேலை பார்த்தவர். சொன்னதைச் செய்வார். நான் வர முடியாத நாட்களில் என் இடத்தில் நின்று பார்த்துக்கொண்டவர். யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். என் இடத்தை அவருக்கே கொடுக்கிறேன்.'

பக்கத்தில் நீலச் சட்டை போட்டுச் சிரிக்கிற சிவகுமாரின் படம். பெயருக்குக் கீழே ஆபரேஷன்ஸ் மேனேஜர் என்ற பதவி.

சிவகுமார் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

ரூபேஷ் முதலில் பயப்படவில்லை. நேற்றும் இதே இடத்தில் இதே வேலைக்குத்தான் உட்கார்ந்தான், பெட்டியின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனான். தூக்கக் கலக்கத்தில் நாமேதான் எழுதியிருப்போம் என்று நினைத்தான். இவ்வளவு நல்ல ஆங்கிலம் தனக்கு எப்போது வந்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை. தனக்கு லாபமான விஷயத்தில் மனுஷன் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

அவன் நிலைமை அப்படி. பெங்களூரில் ஒரு சரக்குக் கிடங்குக் கம்பெனியில் சிவகுமார் மேனேஜர், ரூபேஷ் அவனுக்குக் கீழே ஷிப்ட் சூப்பர்வைசர். இரண்டு பேரும் அடுத்தடுத்த வீடு, விடியற்காலையில் ஒரே ரயில், ஒரே வாசலோரம். போன வருஷம் பங்காரப்பேட்டை தாண்டி டேக்கல் வருவதற்குள் சிவகுமார் வாசலிலிருந்து விழுந்தான். சில மாதம் கழித்துக் கம்பெனி ஆட்களைக் குறைத்தது, ரூபேஷ் வீட்டுக்கு வந்தான். அன்றிலிருந்து அவன் ராபர்ட்சன்பேட்டையில் மாமனார் பாண்டுரங்கனின் பாத்திரக் கடையில் சருவமும் தாம்பாளமும் எடை போட்டுக்கொண்டிருக்கிறான். ஆள் வந்தால் 'நம்ம மாப்ளே' என்று அறிமுகம் செய்துவிட்டு, அதே மூச்சில் 'அந்த மேல் தட்டுலேர்ந்து குண்டான எடுங்க மாப்ளே' என்பார் மாமனார். சீக்கிரம் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அந்தக் கடை ஏணிதான் என்று ரூபேஷுக்குத் தெரியும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை அவன் தினமும் கண்ணாடியில் பார்த்தான்.

வேலைத் தளத்தில் எப்படி மின்னுவது என்று பாடம் நடத்துகிற வீடியோக்கள் எல்லாவற்றையும் பார்த்துமுடித்தான். கோட்டு இரவல் வாங்கிப் படம் எடுத்தான். செய்யாத காரியத்தையெல்லாம் தலைமையேற்று நடத்தியதாகப் போட்டான். படத்தைச் சுற்றி 'வேலைக்குத் தயார்' என்ற பச்சை வளையத்தை மாட்டினான். பாண்டுரங்கன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ளே, உங்க போட்டோக்கு நீங்களே மாலை போட்டுகினீங்க?" என்று கடை முழுக்கக் கேட்கச் சிரித்தார். எல்லாம் இருந்தது, சிபாரிசுதான் இல்லை. பழைய மேலாளர்கள் அவன் கேட்டு அனுப்பியதைப் படித்தார்கள். படித்ததோடு சரி.

அப்போதுதான் சிவகுமாரின் பக்கம் ஞாபகம் வந்தது. அவன் செத்ததை யாரும் அந்தத் தளத்துக்குச் சொல்லவில்லை. அங்கே அவன் இன்னும் மேனேஜர், இன்னும் சிரிக்கிறான். வாசலில் தொங்கும்போது ஒரு கை கம்பியில் இருக்கும் என்பதால், 'எனக்குப் பதிலா நீ பதில் போடுடா' என்று சிவகுமாரே கொடுத்த பாஸ்வேர்டு ரூபேஷிடம் இருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று, சிவகுமார் செய்த நல்ல வேலைகளில் இரண்டைத் தன் பக்கத்துக்கு முதலிலேயே மாற்றிக்கொண்டான்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பான். ரூபேஷ் லைன்காரன். சுரங்கம் ஓடிய காலத்தில் அந்த லைனில் பதிலி என்று ஒரு பழக்கம் இருந்தது. ஒருவனுக்கு உடம்பு முடியவில்லை, பெண்டாட்டிக்குப் பிரசவம், இல்லை முதல் நாள் குடித்தது இறங்கவில்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரன் அவன் பேர் பொறித்த பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு, அவன் பேரிலேயே கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் போய்விடுவான். ஷிப்ட் முடிகிறவரை அவன் வேறு யாருமில்லை, டோக்கனில் இருக்கிற ஆள்தான். ரூபேஷின் அப்பா தங்கவேலுவும் சிவகுமாரின் அப்பாவும் ஒருவருக்கொருவர் அப்படி எத்தனையோ முறை இறங்கியிருக்கிறார்கள். ஒருவன் பேரில் இன்னொருவன் போவது அந்த வீடுகளில் தப்பே இல்லை. செத்தவன் பேரில் நாலு வரி எழுதுவதும் ஒரு பதிலிதானே என்று ரூபேஷ் நினைத்துக்கொண்டான்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. சிவகுமாரின் அம்மா ஜெயம்மா போன மாதம் வாசலில் நின்று, "நைனா, அவன் போட்டோல்லாம் அந்த கம்ப்யூட்டர்ல கீதாமே, ஒரு வாட்டி காட்டேன்" என்று கேட்டாள். காட்டினால் அந்தப் பக்கம் திறந்திருப்பது நாலு பேருக்குத் தெரியும், யாராவது மூடச் சொல்வார்கள். "அத்த எப்பவோ மூடிட்டாங்க பெரிம்மா" என்று சொல்லிவிட்டான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

சிபாரிசுக்குக் கீழே இருந்த 'வெளியிடு' என்ற பட்டனை அவன் தட்டினான். தரைக்கு அடியில், தண்ணீர் நிரம்பிக் கிடக்கிற பழைய சுரங்கங்களில் எங்கோ பாறை நகர்ந்து, டம் என்று ஒரு சத்தம் ஏறிவந்தது. பாத்திரங்கள் லேசாக நடுங்கின. அது அந்த ஊரில் எப்போதாவது நடப்பதுதான், யாரும் வெளியே ஓடிவர மாட்டார்கள்.

அந்தச் சத்தம் அடங்கியதும் இன்னொன்று கேட்டது. லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான், அதுவும் கூரைவரை போகாது. மேலே விட்ட இடைவெளி வழியாக ஒரு வீட்டு வெளிச்சமும் இருமலும் இன்னொரு வீட்டுக்கு வரும். இப்போது ஜெயம்மா வீட்டிலிருந்து வந்தது விசைப்பலகை தட்டுகிற சத்தம். நிதானமாக, பழகிய விரல்கள் தட்டுகிற சத்தம். எழுதப் படிக்கத் தெரியாத ஜெயம்மா தனியாக இருக்கிற வீடு அது.

தகரத்தில் பல்லி, அல்லது மழைத் துளி. ரூபேஷ் லேப்டாப்பை மூடினான்.

மழை அன்று பெய்யவில்லை.

இரண்டு நாளில் போன் வந்தது. ரூபேஷ் ஏணியின் மேல் நின்று இட்லிக் குண்டான்களை இறக்கிக்கொண்டிருந்தான். பெங்களூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து பத்மா என்று ஒரு பெண், எச்.ஆர்., சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

"உங்க ப்ரொஃபைல் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு ரூபேஷ். ரெஃபரன்ஸ் செக்கும் ஆய்து. திங்கக்கிழமை ஜாயின் பண்ண முடியுமா?"

"ரெஃபரன்ஸ்... யார்கிட்ட பேசினீங்க மேடம்?"

"சிவகுமார் சார்கிட்டதான். காலையில அவரே கூப்பிட்டாரு. உங்களப் பத்தி அப்படிப் பேசறாரு! பாதி கேக்கல, பின்னாடி ஒரே ரயில் சத்தம். டெய்லி ட்ராவலா அவரு?"

கடைக்குள் புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாடை அடித்தது. ரூபேஷின் கையிலிருந்த குண்டான் மூடி நழுவிக் கீழே விழுந்து, உருண்டு, சுற்றி, சுற்றி, அடங்கியது. யாரோ விளையாடுகிறார்கள். சிவகுமார் என்ற பேரில் வேறு எவனோ. நாட்டில் எத்தனை சிவகுமார்.

"சார், திங்கக்கிழமை?"

"வரேன் மேடம்," என்றான் ரூபேஷ். வாய் அவனை முந்திக்கொண்டது.

சாயங்காலம் கரெண்ட் போயிற்று. ராதிகா குழந்தையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், திரும்பி வர நேரம் இருந்தது. மழை கடைசியாக வந்தது. தகரத்தின் மேல் முதலில் ஒன்றிரண்டாக, பிறகு பேச்சே கேட்காத அளவுக்குக் கொட்டி, பிறகு களைத்துப்போய், கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. ரூபேஷ் இருட்டில் உட்கார்ந்து, வேலை கிடைத்த செய்தியை ராதிகாவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். நடுச்சுவருக்கு மேலே மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் ஆடியது. சோற்றுத் தட்டு தரையில் வைக்கப்படும் சத்தம். இன்னொரு தட்டு வைக்கப்படும் சத்தம்.

"நைனா. இருக்கறியா?"

"இருக்கேன் பெரிம்மா."

"உனுக்கு வேல கெடச்சிதாமே. சந்தோசம்."

அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மாமனாரிடம்கூட ராங் நம்பர் என்றுதான் சொல்லியிருந்தான்.

"யாரு சொன்னாங்க?"

"வேற யாரு? சிவாதான்." அவள் குரலில் ஒரு வருஷமாக இல்லாத தெம்பு இருந்தது. "அவன்தான உனுக்காவப் பேசினான்."

"பெரிம்மா. சிவா போயி ஒரு வருசம் ஆவுது."

"போனான். யாரு இல்லன்றது? ஷிப்டுக்குப் போனான். ரிலீஃப் ஆளு வராம எப்டி மேல வருவான், சொல்லு?" தட்டில் ஏதோ பரிமாறினாள். "உங்கப்பன் எங்க வூட்டுக்காரருக்கு எத்தினி வாட்டி எறங்கினாரு. இவுரும் அத்தினி வாட்டி உங்கப்பனுக்கு எறங்கினாரு. ரெண்டு பேரும் பாக்கி வெச்சதே கெடையாது. ஒரு ஷிப்ட் வாங்கினா ஒரு ஷிப்ட் திருப்பிக் குடுக்கணும். அதான லைன் நியாயம்? எம்புள்ள உனுக்காவ எறங்கி வேலைய முடிச்சிட்டான். இப்ப நீ அவனுக்கு எறங்கணும்."

பதிலிப் பழக்கத்தின் இந்தப் பாதியும் ரூபேஷுக்குத் தெரியும். வசதியாக மறந்திருந்தான்.

"ஒரே ஒரு ஷிப்ட் நைனா," என்றாள் ஜெயம்மா, அரை ஆழாக்குச் சர்க்கரை கேட்பதுபோல.

சோறு பிசைகிற சத்தம் கேட்டது. மெல்லுகிற சத்தம் கேட்டது. ஒருத்தி மெல்லுகிற சத்தம் இல்லை அது. ரூபேஷ் எழுந்து வாசலுக்கு வந்து, ராதிகா வரும்வரை மழைச் சாரலிலேயே நின்றான்.

கரெண்ட் வந்ததும் முதல் காரியமாகச் சிவகுமாரின் பக்கத்தை மூடப் போனான். பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி தட்டினான். தவறு. சரி, வெளியிலிருந்தாவது பார்க்கலாம் என்று தன் பக்கத்தின் வழியே போனான். சிவகுமார் அதே நீலச் சட்டையில் சிரித்தான். அவன் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் இருந்தது. வேலைக்குத் தயார்.

ரூபேஷின் படத்தைச் சுற்றி இருந்த வளையத்தைக் காணோம்.

உள்பெட்டியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'ஜாயின் பண்ணுடா. மத்தத நான் பாத்துக்கறேன்.'

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இன்னும் இறக்கிவிடலாம். வேலை வேண்டாம் என்றால் சிபாரிசு செல்லாது, சிபாரிசு செல்லாவிட்டால் பாக்கியும் இல்லை. பத்மாவுக்கு, மன்னிக்கவும், என்னால் சேர முடியாது என்று தட்டினான். அனுப்பும் முன்னால் ராதிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சிபாரிசு, ரயில் சத்தம், பச்சை வளையம், சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு தட்டு.

அவள் எல்லாவற்றிலும் ஒன்றைத்தான் கேட்டாள்.

"வேல வந்துச்சா?"

"ராதிகா, நான் சொல்றது..."

"செத்தவன் பேர்ல எழுதினா இன்னா, உசுரோட கீறவன் பேர்ல எழுதினா இன்னா? வேல வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

அவள் முகம் மலர்ந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனைப் பார்த்து மலர்ந்த முகம். மறுநாள் பாண்டுரங்கன் ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்தார். "கடைக்கு ஒரு ஆளு கொறஞ்சிது," என்று பெருமூச்சு விட்டார். "புடிக்கலன்னா வெக்கப்படாம வந்துடுங்க மாப்ளே. ஏணி அங்கியேதான் இருக்கும்." குழந்தை தெருவெல்லாம் ஓடி, எங்கப்பா ஆபீஸ் போறாரு என்று சொல்லிவிட்டு வந்தது. பத்மாவுக்குத் தட்டியது அனுப்பப்படாமல் போனிலேயே இருந்தது. ரூபேஷ் ராதிகாவின் முகத்தைப் பார்த்தான், மாமனாரின் முகத்தைப் பார்த்தான். செய்தியை அழித்தான்.

ஒரு ஷிப்ட்தானே, என்று நினைத்தான். அப்பா எத்தனை இறங்கியிருக்கிறார்.

திங்கட்கிழமை, விடிவதற்கு முந்தைய கருக்கலில், ஊரிகம் ஸ்டேஷனில் பனி இறங்கியிருந்தது. ஈரத் தண்டவாளத்தின் இரும்பு வாசனை, பிளாட்பாரத்தில் யாரோ பற்றவைத்த பீடியின் வாசனை, எண்ணெய் தடவிய தலைகளின் வாசனை. மாரிகுப்பத்திலிருந்து வந்த வண்டியில் எப்போதும்போல நெரிசல். ரூபேஷ் நடுப்பெட்டிக்குள் ஆழமாகப் போய்விட வேண்டும் என்று தீர்மானித்திருந்தான், வாசலோரம் நிற்கவே கூடாது என்று. ஏறியபோது உள்ளே போக வழி இருக்கவில்லை. முதுகுகள் சுவர் மாதிரி நின்றன. வாசலோரத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அத்தனை நெரிசலிலும் அந்த இடத்தில் யாரும் கால் வைக்கவில்லை.

"வா, வா," என்றது ஒரு குரல். "உனுக்குத்தான் வெச்சிகினு கீறோம்."

யார் சொன்னது என்று தெரியவில்லை. எல்லாரும் போனில் குனிந்திருந்தார்கள். கீழிருந்து வந்த வெளிச்சத்தில் மோவாயும் மூக்குத் துவாரமும் மட்டும் தெரிந்தன. வண்டி கிளம்பியது. பங்காரப்பேட்டையில் யாரும் இறங்கவில்லை, ஆனால் பேச்சு நின்றுபோயிற்று. சக்கரச் சத்தம் மட்டும். ரூபேஷ் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கம்பி ஈரமாக இருந்தது. பனி ஈரம் இவ்வளவு வெதுவெதுப்பாக இருக்காது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

எடுக்கவில்லை.

மறுபடி அதிர்ந்தது. மறுபடி. நெஞ்சோடு ஒட்டி, இன்னொரு இதயம் மாதிரி.

புது ஆபீஸாக இருக்கலாம். பத்மாவாக இருக்கலாம். முதல் நாளே எடுக்காவிட்டால் என்ன நினைப்பார்கள்? ரூபேஷ் ஒரு கையை விட்டான். எடுத்துப் பார்த்தான்.

'ரிலீஃப் வந்தாச்சு. நான் மேல போறேன்.'

தோளில் ஒரு கை விழுந்தது. நட்பான கை. நீலச் சட்டை. துருவும் சாக்கும் கலந்த ஒரு நாற்றம். ரூபேஷ் திரும்பவில்லை. கதவுக் கண்ணாடியில் பார்த்தான். பெட்டிக்குள், வெளிச்சத்தில், ரூபேஷ் நின்றுகொண்டிருந்தான். அதே சட்டை. அதே இரவல் கோட்டு. கம்பியைப் பிடிக்காமல், ஆடாமல், கொஞ்சம் சிரித்தபடி.

அப்படியானால் வெளியே யார்?

காற்று. கல். வெளிச்சம். ஒரு சத்தம்.

பிறகு இருட்டு. சாக்கின் நாற்றம், மூக்குக்குள்ளேயே நுழைந்த நார். தூக்கித் தூக்கிப் போடுகிற அசைவு. கேஜில் இறங்குகிறோம் என்று நினைத்தான், கேஜ் இப்படித்தான் ஆடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வலி இல்லை. வலி இல்லாததுதான் அவனை நடுங்கவைத்தது, நடுங்குவதற்கு உடம்பு எங்கே இருக்கிறது என்று தேடினான், சரியாகக் கிடைக்கவில்லை.

"மெள்ளடா. தல அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்? எல்லாம் ஒண்ணாத்தான கட்டிக் கீது."

ஆட்களின் குரல். தரையில் வைத்தார்கள். காலடிகள் வெளியே போயின. கதவு சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் விழுந்தது. மண்ணெண்ணெய் வாசனை வந்தது. எங்கேயோ மேலே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ராதிகா சிரித்தாள்.

அது அவன் வீடு. இங்கிருந்து கேட்டால் இப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது.

"ஆபீஸ்ல முதல் நாளே கைதட்டினாங்களா?" என்றாள் ராதிகா.

"எழுந்து நின்னு தட்டினாங்க," என்றது ரூபேஷின் குரல். அவன் என்றைக்கும் பேசாத அளவுக்குத் தைரியமான ரூபேஷின் குரல்.

கத்த நினைத்தான். கத்துவதற்கு மூச்சு வேண்டும். நாக்கு இருந்தது, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

ஜெயம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய முட்டி நெட்டி முறிகிற சத்தம் காதோரம் கேட்டது. விளக்கைக் கிட்டத்தில் இழுத்தாள்.

"அன்னிக்கு சிவாவக் கட்டின மூட்டையப் பிரிக்கவே வுடல என்னிய," என்றாள். "பாக்காத, பாக்காதன்னு, கட்டினது கட்டினபடி எடுத்துகினு போயி மண்ணுல வெச்சிட்டாங்க. பெத்தவ பாக்காம வேற யாரு பாக்கறது?"

விரல்கள் முதல் முடிச்சைத் தேடின. பொறுமையான விரல்கள்.

நான் சிவா இல்லை பெரிம்மா. நான் ரூபேஷ். நான் ரூபேஷ். நான்.

"தெரியும் நைனா," என்றாள் ஜெயம்மா, கேட்டதுபோல. "நீ யாருன்னு தெரியாமலா? ஆனா இந்த ஷிப்டுக்கு நீதான் சிவா. ரிலீஃப் ஆளு வந்தா எழுந்து போ. நான் இன்னா புடிச்சா வெக்கப்போறேன்?"

முடிச்சு அவிழ்ந்தது. இன்னொன்று. சாக்கு விலகியது. வெளிச்சம் கண்ணில் குத்தியது. அவள் முகம் மேலே தெரிந்தது. அவள் அலறவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. சந்தைக்குப் போய்வந்த பையைக் கொட்டிப் பிரிப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, தரையில் அதன் அதன் இடத்தில் வைத்தாள். இது வலது கை. இது அந்தக் கால். இதோ இது. துடைக்கிற ஈரம் மட்டும் அவனுக்குத் தெரிந்தது, தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பதுபோல.

"அப்பா," என்றது குழந்தை சுவருக்கு அந்தப் பக்கம். "பக்கத்து வூட்ல யாரோ கீறாங்க."

"யாரும் இல்லடா கண்ணு. சாப்புடு."

"சத்தம் கேக்குதே."

"எலி." நாற்காலி நகர்ந்தது. டி.வி. ஒலி கூடியது. "ராதிகா, இன்னொரு தோசை போடு. நல்ல பசி. ஒரு வருசப் பசி."

அவள் மறுபடி சிரித்தாள்.

ஜெயம்மா கடைசியாக அவன் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, காது, மூக்கோரம். பிறகு தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி அவன் தலையில் அழுத்தித் தேய்த்தாள். கண்ணை மூடப் பார்த்தான். இமை அசையவில்லை. அவள் சீப்பை எடுத்து, தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வாருவதுபோல ஓரமாக வகிடு எடுத்து வாரினாள். மடியில் இருந்தபடியே ரூபேஷ், எதிரே தரையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த தன் உடம்பைப் பார்த்தான்.